களவு போகாத படகு

குரோசே பிரபுவின் கடலில் கொள்ளையர்கள் கிடையாது. நான்கு துறைகளில் பலகை நட்டு, கொட்டை எழுத்தில் இதை எழுதிவைத்திருந்தார்கள். நான்காவது பலகையை நட்டுவிட்டுத் திரும்புகிற வழியில், அதே ஆட்கள்தான் மொகுபெய்யின் படகைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் மொகுபெய் படகில் இல்லை. முந்தின நாள் தின்ற கானாங்கெளுத்தி வயிற்றைக் கலக்கிவிட்டது. ஸெதோ கடல் குடத்தின் கழுத்துபோல ஒடுங்குகிற இடத்தில், ஒரு சின்னத் திட்டில் இறங்கிப் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தான். படகில் முப்பத்திரண்டு பீப்பாய் உமே என்கிற புளிப்புக்காய் ஊறுகாயும், சுக்கானைப் பிடித்தபடி அவன் மனைவி இசோவும் இருந்தார்கள். உச்சியில் குரோசே வீட்டுக் கொடி பறந்தது. முந்தின வாரம்தான் முறைப்படி வாங்கியது. அந்தக் கொடி பறக்கிற படகை யாரும் தொடமாட்டார்கள் என்பது ஏற்பாடு. யாரும் என்றால் குரோசே வீட்டார்தான். படகைத் தொடக்கூடிய வேறு யாரையும் அவர்கள் அந்தக் கடலில் மிச்சம் வைக்கவில்லை.

இரண்டு காவல் படகுகள் பக்கத்தில் வந்து நின்றன. முன்னால் நின்ற மீசைக்காரன் கேட்டான்.

"கொடி எங்க?"

"தலைக்கு மேல பாரு," என்றாள் இசோ.

"அது எங்களுக்கு முதுகைக் காட்டுதே."

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது. கேக்கறதை அதுகிட்டப் போய்க் கேளு."

"பிரபுவோட காவலுக்கு முதுகைக் காட்டினா அவமரியாதை. படகு பறிமுதல். இறங்கு."

"சுக்கானை விட்டேன்னா படகு பாறையில போய் மோதும். விடமாட்டேன்."

மீசைக்காரன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நீயும் பறிமுதல்."

புதருக்குப் பின்னாலிருந்து மொகுபெய் எல்லாவற்றையும் கேட்டான். இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் படகு திரும்பி நீரோட்டத்தில் ஏறிவிட்டது. தூரத்தில் இசோவின் குரல் மட்டும் கேட்டது.

"ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கியாய்யா நீ?"

மறுநாள் காலையில் கடற்பாசி பறிக்கிற ஒருவனின் தோணியில் தொற்றிக்கொண்டு மொகுபெய் குரோசே கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தத் தீவு முழுவதும் கோட்டைதான். சோறு வேகிற நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம், சுற்ற விடமாட்டார்கள். கிழக்கு வாசல் மனு கொடுப்பவர்களுக்கு. மேற்கு வாசல் குடிநீருக்கு. தீவில் கிணறு கிடையாது. எதிரே இருக்கிற பெரிய தீவின் ஊற்றிலிருந்து நாள்தோறும் படகில் தண்ணீர் வந்தால்தான் கோட்டையில் அடுப்பெரியும். எந்த எதிரியாலும் பிடிக்க முடியாத கோட்டை என்று அதற்குப் பெயர். தாகத்தை அவர்கள் எதிரிகள் பட்டியலில் சேர்க்கவில்லை.

புகார் அறையில் கன்னோசுகே என்பவர் உட்கார்ந்திருந்தார். தலைமை எழுத்தர். ஐம்பது வயதிருக்கும். கத்தியைப் பிடித்த தழும்பு கையில் ஒன்றுகூட இல்லை. விரல் நுனியெல்லாம் மை.

"படகை எடுத்தது யாரு?"

"உங்க ஆளுங்கதாங்க."

"எங்க ஆளுங்க எடுத்தா அதுக்குப் பேரு பறிமுதல். பறிமுதல்னா பக்கத்து அறை."

பக்கத்து அறையில் இருந்தவர் கையை நீட்டினார். "பறிமுதல்னா சீட்டு குடுத்திருப்பாங்களே. சீட்டு எங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க."

"சீட்டு இல்லாம எடுத்தா அது களவு. களவுன்னா முதல் அறை."

மொகுபெய் முதல் அறைக்குத் திரும்பி வந்து, களவு என்றான். கன்னோசுகே எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"களவுங்கறது கொள்ளையர் செய்யறது. நம்ம கடல்ல கொள்ளையர் கிடையாது. துறையில பலகை பாக்கலையா நீர்?"

"பாத்தேங்க. அதை நட்டவங்கதான்..."

"பாத்துட்டும் வந்து கேக்கறீர்." அவர் விசிறியை எடுத்து மெல்ல வீசிக்கொண்டார். "இந்தக் கடல்லயும் ஒரு காலத்துல கொள்ளையர் இருந்தாங்கய்யா. நான் மறைக்கலை. எங்க தாத்தா காலத்துல. கப்பலை மறிப்பான், சரக்கை எடுப்பான், தடுத்தவனைத் தண்ணியில தள்ளுவான். சட்டம் கிடையாது, சீட்டு கிடையாது. அது எங்க தாத்தாதான். அப்புறம் பிரபுவோட தாத்தா வந்து ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். இப்ப மறிக்கறதுக்கு முன்னால முரசு அடிக்கறோம். எடுத்ததைப் பதியறோம். தள்ளறதுக்குக்கூட ஒரு நேரம் இருக்கு, ஓதம் பாத்துத்தான் தள்ளறோம். நாகரிகம்னா சும்மாவா?"

"அப்ப என் படகு எங்கீங்க?"

"களவு போகலை, பறிமுதலும் ஆகலை. அப்படின்னா அது உம்மகிட்டதான் இருக்கணும். நல்லாத் தேடிப் பாரும்."

"படகோட என் பொண்டாட்டியும் போயிட்டாளுங்க."

"அதுக்குத் தனி மனு," என்றார் கன்னோசுகே.

ஆனாலும் மனுவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மனுவை மறுப்பது குரோசே வீட்டு மரபில் இல்லை. பிரபுவின் செவிக்கு அது எட்டும் நாள்வரை காத்திருக்கலாம். தங்க இடமும், நாளொன்றுக்கு இரண்டு சோற்றுருண்டையும் உண்டு.

காத்திருப்போர் கூடத்தில் ஏற்கெனவே ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். ரிசுகே என்ற வியாபாரி, சாகே என்கிற அரிசி மது விற்பவர். அவருடைய அறுபது ஜாடி சாகே எடுக்கப்பட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜாடிகள் கிடங்கில் முத்திரையோடு அப்படியே இருந்தன. முத்திரை வைத்த பொருளை மனு முடிகிறவரை தொடக்கூடாது என்பது விதி.

"முதல் ஆறு மாசம் கோபம் வரும்," என்றார் ரிசுகே. "அடுத்த ஆறு மாசம் அழுகை வரும். அதுக்கப்புறம் ஒண்ணும் வராது. நல்லா இருக்கும். நான் இப்ப முரசு கத்துக்கறேன்."

சோற்றுருண்டை வந்தது. மொகுபெய் ஒரு கடி கடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். நடுவில் ஓர் உமே இருந்தது. இசோ ஊறுகாய்க்குப் போடுகிற உப்பு ஊரில் வேறு யாரும் போடாத அளவு. நாக்கு சுருண்டு உள்ளே போய்விடும். இருபது வருடமாக அதில் அவளோடு சண்டை போட்டவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கன்னோசுகேயிடம் ஓடினான். "ஐயா, சாட்சி. இது என் சரக்கு."

கன்னோசுகே கொட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல உம்ம பேரு எழுதியிருக்கா?"

"கொட்டையில எப்படிங்க எழுதறது?"

"அதைச் சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்." பிறகு கொட்டையைத் தாளில் மடித்து, 'பெயரில்லாக் கொட்டை, ஒன்று' என்று மேலே எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

நாட்கள் போயின. கோட்டை வாழ்க்கை மொகுபெய்க்கு மெல்லப் பிடிபட்டது. விடிந்ததும் முரசு. முரசு கேட்டதும் நாற்பது பேர் கவசம் மாட்டி, வரிசையில் நின்று, தாங்கள் கடலின் புலிகள் என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கவசத்தைக் கழற்றிவைப்பார்கள். அதன் பிறகு சோதிடர் வந்து திசை சொல்வார். கடலில் இறங்க உகந்த நாள் மாதத்தில் மூன்று. அந்த மாதம் ஒன்றில் மழை. இன்னொன்றில் பிரபுவுக்குச் சளி. மூன்றாவது நாளில் புலிகளில் பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டு நாற்று நடவு. இப்படியிருந்தும் கிடங்கு நிறைந்துகொண்டே இருந்தது. பலகை நடப் போகிறவர்கள், விறகு வெட்டப் போகிறவர்கள், மாமியாரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருகிற வழியில் ஏதாவது ஒரு படகைப் பார்த்துவிடுவார்கள். அதற்குச் சோதிடம் தேவையில்லை. அது பணி அல்ல, வழியில் அகப்பட்டது.

ஏழாம் நாள் தலை பார்க்கும் சடங்கு நடந்தது. போரில் வெட்டி வந்த எதிரிகளின் தலைகளைக் கழுவி, பலகையில் வைத்து, பிரபுவின் பார்வைக்குக் கொண்டுவருகிற பழைய வழக்கம். வருடத்துக்கு இரண்டு முறை நடந்தே ஆக வேண்டும். பதினோரு வருடமாகப் போர் நடக்கவில்லை. எனவே சாக்கணவாய் மீன்களை வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் எட்டுக் கையோடு பெரிய வழுக்கைத் தலையாகப் பலகையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பெயர்ச்சீட்டு வேறு.

பலகை ஏந்த ஆள் போதாமல் மனுதாரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மொகுபெய் மூன்றாவது தலையை ஏந்தி நின்றான். குரோசே பிரபு முறைப்படி வாளைப் பாதி உருவி, முகத்தைத் திருப்பி, இடது கண்ணின் ஓரத்தால் பார்த்தார்.

"இவன் எப்படி வீழ்ந்தான்?"

படையின் தென்பிரிவுத் தலைவர் மண்டியிட்டார். "கடைசிவரை பிடியை விடலை, பிரபுவே. எட்டுப் பக்கமும் போராடினான். பானைக்குள்ள போனதுக்கப்புறம்தான் சரணடைஞ்சான்."

"வீரன்," என்றார் பிரபு. அவர் குரல் தழுதழுத்தது.

அப்போது மொகுபெய்யின் கையிலிருந்த மூன்றாவது தலை, பலகையிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் நடக்கத் தொடங்கியது. அதற்கு இன்னும் உயிர் இருந்தது. பலகையை விட்டு இறங்கிய தலை சரக்கா, தப்பியோடும் எதிரியா என்று கன்னோசுகே விதியைப் புரட்டினார். எதிரி என்று முடிவானது. முரசு அடித்தார்கள். நாற்பது புலிகளும் கவசத்தை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அது படிக்கட்டைத் தாண்டிவிட்டது. கடைசியில் சமையல்காரி ஒருத்தி வந்து வாளியைக் கவிழ்த்து அதைப் பிடித்தாள். கண்ணில் மை பட்டுப் புலிகளில் மூன்று பேர் காயம் அடைந்திருந்தார்கள். அவர்களுக்குப் பட்டாடை கொடுக்கப்பட்டது. 'கிழக்குப் படிக்கட்டுப் போர்' என்று அன்று மாலையே எழுதிவைத்துவிட்டார்கள். சமையல்காரி வாளியைத் திருப்பி எடுக்க அனுமதி கேட்டு மனு கொடுத்தாள்.

பிரபுவிடம் பேச இதுதான் சமயம் என்று மொகுபெய் வாயைத் திறந்தான். தென்பிரிவுத் தலைவர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். "போர் முடிஞ்ச வேளையில சொந்தக் கவலையைப் பேசறதாய்யா?"

பன்னிரண்டாம் நாள் கன்னோசுகேயே அவனைத் தேடிக் கூடத்துக்கு வந்தார். மனு மேலே போய்விட்டது என்று மொகுபெய் நினைத்தான். விஷயம் அதுவல்ல. அன்று தொடர்கவிதை அரங்கு. ஒருவர் ஒரு கண்ணி சொல்ல, அடுத்தவர் அதைத் தொடர வேண்டும். ஒன்பது பேர் உட்கார்ந்தால்தான் அரங்கு செல்லும், ஒருவருக்குப் பல்வலி.

"எனக்குக் கவிதையெல்லாம் தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். எண்ணிக்கைக்கு உக்காந்தாப் போதும்."

தலைநகரத்திலிருந்து வந்திருந்த கவிதை ஆசான் நடுவில் வீற்றிருந்தார். பிரபு கண்ணை மூடித் தொடங்கினார்.

"அலை உறங்குகிறது. என் கடலில் எதையும் இழந்தவர் எவருமில்லை."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கன்னோசுகே தொடர்ந்தார். "பிரபுவின் பெயரைக் கேட்ட நாணலும் தலை வணங்கும்."

அப்படியே சுற்றி வந்து மொகுபெய்யிடம் நின்றது. பிரபு நேருக்கு நேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி ஒரு தடவை இப்படி வாய்க்காது என்று அவனுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"என் பொண்டாட்டி எங்கீங்க?"

கன்னோசுகேயின் முகம் வெளுத்தது. கவிதை ஆசான் மட்டும் கண்ணைத் திறக்காமல் தலையை மெல்ல ஆட்டினார்.

"இழந்தவர் எவருமில்லை என்று பிரபு தொடங்கினார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். நிலவு இல்லை, உதிரும் இலை இல்லை, கண்ணீரில் நனைந்த சட்டைக்கை இல்லை. ஆனாலும் எனக்கு இலையுதிர்காலம் கண்முன் வந்துவிட்டது."

பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணியைப் பொற்பொடி தூவிய தாளில் எழுதிக் கோயிலுக்குக் காணிக்கையாக அனுப்ப உத்தரவு போட்டார்.

"ஐயா, அது மனுங்க," என்றான் மொகுபெய்.

"எந்தக் கவிதைதான் மனு இல்லை?" என்றார் ஆசான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று கூடத்துக்குத் திரும்பிய மொகுபெய் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து அழுதான். இசோ உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியவில்லை. சமையல்காரியிடம் கேட்டான், வேலையாட்களிடம் கேட்டான். கிழக்கு வாசலில் இருப்பவர்களுக்குக் கிழக்கு வாசல் சங்கதி மட்டும்தான் தெரியும். ரிசுகே அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "ஆறு மாசம் ஆகும்னேன். உனக்குப் பன்னெண்டு நாள்லயே அழுகை வந்துடுச்சு. கெட்டிக்காரன்தான்யா நீ."

பத்தொன்பதாம் நாள் காலையில் பிரபு அவனைத் தேநீருக்குக் கூப்பிட்டனுப்பினார். கவிஞர்களுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. மொகுபெய் மண்டியிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினான். பிரபு முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கைத் தட்டி ரசித்தார்.

"பதினைந்து இருபது நாளாக நம் தண்ணீரில் ஒரு புதுச் சுவை, கவனித்தீர்களா? லேசான புளிப்பு. பின்னால் ஒரு உப்பு. உப்பங்காற்று தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று தேநீர் ஆசான் சொல்கிறார். பெரும் பாக்கியம்."

மொகுபெய் குடித்தான். அது உப்பங்காற்று இல்லை. சரியாகக் கழுவாத ஊறுகாய்ப் பீப்பாய். இசோ எதிலும் சளைத்தவள் இல்லை, பீப்பாய் கழுவுவதில் மட்டும் அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒரு தடவை கடல் நீரை உள்ளே விசிறி, ஒரு உருட்டு உருட்டி, போதும் என்று விட்டுவிடுவாள். ஊறுகாயைக் காலி செய்துவிட்டு அவன் பீப்பாயில்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அவன் படகில் கொண்டுவருகிறார்கள். அந்தப் படகில் சுக்கானை விடாத ஒருத்தி இருந்தாள்.

"தண்ணி எந்த வாசல்ல வருதுங்க?" என்று கேட்டான்.

"மேற்கு வாசல். ஏன்?"

மொகுபெய் கிண்ணத்தைக் கீழே வைத்து, தரையில் தலை படும்படி வணங்கிவிட்டு எழுந்து நடந்தான். இது அடுத்த கவிதைக்கான அறிகுறி என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

மேற்கு வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். "மனுதாரர் இந்த வாசல் வழியா வரக்கூடாது."

"நான் வரலை. போறேன்."

காவலன் யோசித்தான். வருவதற்குத்தான் தடை; போவதைப் பற்றி அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பத்தொன்பது நாளில் மொகுபெய்யும் கொஞ்சம் கற்றிருந்தான்.

கீழே துறையில் படகு நின்றது. தண்ணீர்ப் பீப்பாய்கள் நிறைந்திருந்தன. இசோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"எங்கய்யா இருந்தே?"

"மேல. கிழக்கு வாசல்ல."

"இத்தனை நாளுமா?"

"மனு குடுத்துட்டு."

இசோ கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "முத நாளே தண்ணிக்குப் போறப்ப அந்தத் திட்டுப் பக்கம் படகை விட்டேன். உன்னைக் காணோம். புதர் முழுக்கத் தேடினேன். எப்படியும் இந்தப் பக்கம்தான் வந்து முட்டுவேன்னு இங்கயே கெடந்தேன். எவனோ பொண்டாட்டியைத் தேடிக் கவிதை சொன்னான்னு வாசல் காவக்காரன் சொன்னான். நீயா இருக்காதுன்னு நெனச்சேன். நீ எப்பக் கவிதை சொன்னே?"

"நான் சொல்லலை. அவங்கதான் அதைக் கவிதைன்னு எழுதிக்கிட்டாங்க."

மொகுபெய் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "உன்கூடக் காவலுக்கு யாரும் வர்றதில்லையா?" என்று கேட்டான்.

இசோ கரையைக் காட்டினாள். அங்கே ஒரு மரத்தடியில் மீசைக்காரன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கொடி முதுகைக் காட்டுகிறது என்று சொன்ன அதே ஆள். "அதுக்குப் படகுல ஏறினா வாந்தி. பலகை நட்டுட்டு வந்து மூணு நாள் படுத்துக் கெடந்துச்சாம். நான் பாத்துக்கறேன், நீ போய் நிழல்ல உக்காருன்னு சொல்லிட்டேன். பாவம், நல்ல மனுசன்." பிறகு சுக்கானைப் பிடித்தாள். "ஏறு. கடல் வத்தம் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. இதை விட்டா மத்தியானம்தான்."

மொகுபெய் ஏறினான்.

கோட்டைச் சுவரில் நின்றவர்கள் தண்ணீர்ப் படகு நிறைந்த பீப்பாய்களோடு வெளியே போவதைப் பார்த்தார்கள். வழக்கமாகக் காலியாகத்தான் போகும். அதன்பின் என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் ரிசுகே வந்து சொல்லித்தான் மொகுபெய்க்குத் தெரிந்தது.

தென்பிரிவுத் தலைவர் முரசடிக்கச் சொன்னாராம். கன்னோசுகே கையை உயர்த்தித் தடுத்தாராம்.

"என்னன்னு அடிக்கறது? அது நம்ம படகு. நம்ம படகு போனா அதுக்குப் பேரு பயணம்."

"திரும்பி வரலைன்னா?"

"வரலைங்கறது வராம இருந்து, அந்த நாளும் முடிஞ்சாத்தான் தெரியும்."

"களவு போகுதுன்னு அடிச்சா என்ன?"

"களவுன்னா கொள்ளையர். நாலு பலகை நட்டிருக்கோம். பிரபுவோட வாக்கைப் பொய்யாக்கச் சொல்றீரா?"

சோதிடரைக் கூப்பிட்டார்கள். அன்று மேற்குத் திசை ஆகாது என்றார். கிழக்கு வழியாகச் சுற்றிப் போய்த்தான் மேற்கே துரத்த வேண்டும். கிழக்கு வழி போன ஒரு போர்ப்படகை வற்றம் இழுத்து நீர்ச்சுழியில் விட்டது. புலிகள் பதினாறு பேர் பகல் முழுவதும் ஒரே இடத்தில் வட்டமிட்டார்கள். கரையிலிருந்து பார்க்க நன்றாக இருந்ததாம்.

மாலைக்குள் கோட்டையில் தண்ணீர் தீர்ந்தது. புதுத் தண்ணீர்ப் படகு வேண்டுமென்றால் ஒன்றைப் பறிமுதல் செய்ய வேண்டும். நல்ல நாள் பத்து நாள் தள்ளி இருந்தது. கிடங்கில் குடிக்கக்கூடியது ரிசுகேயின் அறுபது ஜாடி சாகே மட்டும்தான். மனு நிலுவையில் உள்ள பொருளைத் தொடக்கூடாது. ரிசுகேயைக் கூப்பிட்டு, மூன்று வருட மனுவை அரை நாழிகையில் தீர்த்து, சாகே அவருடையதுதான் என்று முத்திரையிட்டுக் கொடுத்து, மறு நிமிடம் அதை அவரிடமிருந்து அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டார்கள். நான்கு நாள் கோட்டையில் சோறும் சாகேயில்தான் வெந்தது. பிரபு, கன்னோசுகே, தலைவர்கள், சோதிடர் எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள். குரோசே வீட்டு வரலாற்றிலேயே தெளிவான முடிவு அந்த நான்கு நாளில்தான் எடுக்கப்பட்டது.

கன்னோசுகே எழுந்து நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு பேசினாராம்.

"பிரபுவே, நமக்குப் பேரு கடல் காவலர். ஆனா யார்கிட்டேருந்து காக்கறோம்னு வியாபாரிங்க கேக்கறப்ப, எனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சதில்லை. கொள்ளையர் இல்லாத கடல்ல கொடி எதுக்குன்னு கேட்டான் ஒருத்தன். அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கலை. இப்ப தெய்வமா பாத்து ஒருத்தனை அனுப்பியிருக்கு. நம்ம படகை ஒருத்தன் பறிச்சிட்டுப் போயிட்டான். நாம பாதிக்கப்பட்டவங்க. இதுக்கு முன்னால எப்பவாவது அப்படி இருந்திருக்கோமா? இனிமே யார் முன்னாலயும் தலை நிமிர்ந்து சுங்கம் கேக்கலாம்."

பலர் அழுதார்கள். பலகைகளை மாற்ற அன்றே ஆள் போயிற்று. திரும்பி வருகிற வழியில் அவர்களுக்குத் தண்ணீர் சுமக்க ஒரு படகும் அகப்பட்டது.

ஊறுகாய்ச் சரக்கு முழுவதும் போனாலும் படகும் தாங்களும் மிச்சம் என்று மொகுபெய்யும் இசோவும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் சொல்லி வாங்கிய உப்பு மூட்டைகளோடு மறுபடி கிளம்பினார்கள். வேறு வழி இல்லை. மேற்கே போகிற எந்தப் படகும் அந்த ஒடுக்கத்தைக் கடந்தே ஆக வேண்டும். துறையில் புதுப் பலகை நின்றது. மொகுபெய்க்குப் படிக்கத் தெரியாது. நாலு பேர் கூடி நின்று அதைப் பார்த்து நடுங்குவதை மட்டும் கவனித்தான்.

ஒடுக்கத்தில் காவல் படகு மறித்தது. முன்னால் மீசைக்காரன், முகமெல்லாம் பச்சையாக, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இசோவைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. பின்னால் துடுப்புப் போடுகிறவர்கள் இருந்தார்கள். அவன் அவளைத் தெரியாதவன்போலத் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான்.

"எச்சரிக்கை. இந்தக் கடல்ல கொடிய கொள்ளைத் தலைவன் ஒருத்தன் உலாவறான். பேரு மொகுபெய். ஏழடி உசரம். நெத்தியில வெட்டுத் தழும்பு. ரெண்டு கையிலயும் வாள். பிரபுவோட தண்ணிப் படகைப் பறிச்சு, கோட்டையைத் தாகத்துல தவிக்க விட்டவன். அவன்கிட்டேருந்து தப்பிக்க, புதுக் கொடி வாங்கணும்."

மொகுபெய் தன் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். நிமிர்ந்து நின்றாலும் அவன் இசோவின் காதுவரைக்கும்தான் வருவான்.

"ரொம்பப் பொல்லாதவனா?" என்று கேட்டான்.

"ரொம்ப." மீசைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "சீக்கிரம் வாங்கிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு வயித்தைப் புரட்டுது."

மொகுபெய் ஒரு மூட்டை உப்பைக் கொடுத்து, தன்னிடமிருந்து தன்னைக் காக்கிற கொடியை வாங்கிக்கொண்டான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்போது இசோ சுக்கானை விட்டு எழுந்தாள். ஓடுகிற படகில் அவள் சுக்கானை விட்டு அவன் பார்த்ததே இல்லை.

"அவன் பொண்டாட்டியைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

மீசைக்காரன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லையே."

"பேரு?"

"இல்லை."

"தண்ணி சுமந்தது யாரு? வத்தம் பாத்துப் படகை வெளிய கொண்டுவந்தது யாரு? இந்த ஆள் பாதி தூரம் பீப்பாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டு இருந்தான். ஏழடியாம். எழுதுய்யா, நான் சொல்றேன். இசோ. இ, சோ."

பின்னால் துடுப்புப் போடுகிறவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மீசைக்காரன் கெஞ்சினான். "என்னால எழுத முடியாதும்மா. பலகையில பேரு சேக்கணும்னா கோட்டைக்கு வந்து, கிழக்கு வாசல்ல மனு குடுக்கணும்."

"குடுக்கறேன்," என்றாள் இசோ. "எந்தப் பக்கம் திருப்பணும்?"

கல்யாணமாகி இருபது வருடத்தில் மொகுபெய் அவள் பேச்சைத் தட்டியதில்லை. அன்று தட்டினான். துடுப்பை எடுத்துக் காவல் படகின் விலாவில் ஊன்றி, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஓங்கித் தள்ளினான். அவர்கள் படகு நீரோட்டத்தில் ஏறி விரைந்தது. பின்னால், விளிம்பில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டே, மீசைக்காரன் துரத்தச் சொல்லாமல் தாளை மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டான்.